பத்துப் பேர் எழுந்து நின்றார்கள்

வெங்காய மண்டியில் லோடுமேன்கள் வேலையை நிறுத்துவதற்குச் சத்தம் போடுவதில்லை. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. மேஸ்திரி நிமிர்ந்து நின்று, தலையில் சும்மாடாகச் சுற்றியிருக்கிற துண்டை உருவி, ரெண்டு உதறு உதறித் தோளில் போடுவார். பார்த்த மாத்திரத்தில் மற்றவர்களும் அதையே செய்வார்கள். அவ்வளவுதான். பாதி இறக்கின லாரி பாதியோடு நிற்கும். பழைய பால்பண்ணைப் பக்கத்து மண்டியில் எந்த முதலாளிக்கும் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பத்து நிமிஷத்தில் ஆள் கல்லாவை விட்டு எழுந்து வந்து, என்னப்பா பிரச்சனை என்று கேட்பார்.

மேஸ்திரி ராமர் இருபத்தாறு வருஷமாக அங்கே மூட்டை தூக்குகிறார். அவர் துண்டை உதறி, அது புரியாமல் போன ஆளை அவர் பார்த்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் நடந்த டி.வி. நிகழ்ச்சிக்குப் போனபோதும் அதை நம்பித்தான் போனார்.

நிகழ்ச்சி மருங்காபுரி இருளாயிக்கு அஞ்சலி. போன வருஷம் ஆடி மாசம் செத்துப்போன பாட்டுக்காரி. மேடை ஏறினால் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, மேளக்காரன் தயாரா என்றுகூடப் பார்க்காமல் ஆரம்பிப்பாள். குவாரியில் ஜல்லி உடைத்தவள், தொண்டையை விட்டுக் கல்தூசி போகவே இல்லை. அந்தக் கரகரப்புக்குத்தான் மண்டியில் அத்தனை பேர் கிறங்கிக் கிடந்தார்கள். ராமர், ஜமால், கூட வேலை செய்கிற இன்னும் எட்டுப் பேர் சேர்ந்து இருளாயி ரசிகர் மன்றம் என்று போர்டே எழுதி மாட்டினார்கள். ஒரு மே தினத்துக்கு அவளை மண்டிக்கு அழைத்தபோது மைக் செத்துப்போனது. அவள் மூட்டை அடுக்கின் மேல் ஏறி நின்று வெறும் வாயால் ஒன்றரை மணி நேரம் பாடிவிட்டு, வெங்காய வாடையில கண்ணுல தண்ணி வருது, எனக்காக எவனும் அழுவுறான்னு நெனச்சுக்க மாட்டேன் என்று சொல்லி இறங்கினாள்.

அவள் பெயரைச் சொன்னால் எல்லோர் வாயிலும் வருவது ஒரு பாட்டு.

கல்லுடைச்ச கை ஓயட்டும்
கஞ்சி நானே ஊட்டுறேன்

குவாரியில் புருஷன் கையை நசுக்கிக்கொண்டு வந்த அன்று, அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அவள் கட்டின பாட்டு அது. கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஒன்பது வயசு மகள் மணிமேகலை. ரெண்டு வருஷம் கழித்து, சிங்காரத்தோப்பில் கேசட் கடை வைத்திருந்த ரெங்கராஜ் அதைப் பதிவு பண்ணி வெளியிட்டார். கேசட் அட்டையில் 'பாடல், இசை: ரெங்கராஜ்' என்று இருந்தது. இருளாயிக்கு எழுத்துத் தெரியாது. மகள்தான் படித்துச் சொன்னாள். போட்டுக்கிட்டுப் போறான் விடு என்று இருளாயி விட்டுவிட்டாள். மணிமேகலையால் விட முடியவில்லை. அவள் இப்போது அரியமங்கலம் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் போல்ட்டு நட்டு எண்ணிப் பாக்கெட் போடுகிறாள். அந்த ஒரு பாட்டுக்கு அம்மா பெயரைப் போட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை.

அஞ்சலி நிகழ்ச்சிக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா பட்ட கஷ்டத்தைச் சொல்லி ரெண்டு நிமிஷம் அழ வேண்டும் என்றார்கள். பாட்டு எழுதினது எங்கம்மான்னு போடுங்க, வரேன் என்றாள். அப்புறம் போன் வரவில்லை. ரசிகர் மன்றத்துக்கு மட்டும் அழைப்பு வந்தது.

ராமரிடம் அவள் போக வேண்டாம் என்றுதான் சொன்னாள். மேடையில் ரெங்கராஜ் உட்காரப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். ராமர் வேறு மாதிரி யோசித்தார். நாங்க போகலைன்னா அந்த நாற்காலியில வேற எவனாவது உக்காரப்போறான், அந்தாளு பாட்டு என்னுதுன்னு வாயைத் திறக்கட்டும், பத்துப் பேரும் துண்டை உதறிட்டு எந்திரிச்சு வந்துருவோம், கேமரா அம்புட்டையும் பிடிக்கும், இருளாயி ரசிகனே ஒத்துக்கலைன்னு நாடு பாக்கட்டும் என்றார். அவள் சரிண்ணே என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். நிகழ்ச்சியை நடத்துகிற ஹரிஹரசுதன் முப்பது வயசுப் பையன், காதில் ஒயர் மாட்டியிருந்தான். எல்லோருக்கும் சார் போட்டுப் பேசினான். இவர்கள் துவைத்த சட்டை போட்டு, தலை வாரிப் போயிருந்தார்கள். அவனுக்கு முகம் வாடிவிட்டது. வேலைக்குக் கட்டுற துண்டு கொண்டுவரலையா சார் என்றான். ராமர் பைக்குள் பத்துத் துண்டையும் வைத்திருந்தார். தலையில் கட்டிக்கொண்டதும், சூப்பர் சார், இப்படித்தான் இருக்கணும் என்று பத்துப் பேரையும் முதல் வரிசையில் உட்காரவைத்தான்.

மேடையில் ஆளே இல்லாதபோது கேமராவை இவர்கள் பக்கம் திருப்பினார்கள். இப்போது கைதட்டுங்கள் என்றான் ஹரிஹரசுதன். தட்டினார்கள். சிரிக்கச் சொன்னான். சிரித்தார்கள். கண்ணைத் துடைக்கச் சொன்னான். ஜமால், வெங்காயம் இருந்தா குடுங்க தம்பி, நெசமாவே தொடைக்கிறோம் என்றான். மண்டபமே சிரித்தது. அதையும் எடுத்தார்கள். லைட்டு, கேமரா சரிபார்க்கிறார்கள் என்று ராமர் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் நிகழ்ச்சி தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த ஒரு பாட்டுக்காரப் பெண் பட்டுப் பாவாடையில் வந்து இருளாயியின் பாட்டைப் பாடினாள். குரல் தேனாக இருந்தது. ஆனால் 'கஞ்சி நானே ஊட்டுறேன்' என்பதை 'முத்தம் நானே ஊட்டுறேன்' என்று மாற்றியிருந்தார்கள். ராமருக்குப் பல் கூசியது. பொறுத்துக்கொண்டார். அவர் காத்திருந்தது ரெங்கராஜுக்கு.

ரெங்கராஜ் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். எழுபதைத் தாண்டினவர், நிதானமான பேச்சு. ஒருநாள் விடியக்காலம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஸ்நானம் பண்ணிவிட்டுப் படியேறும்போது இந்தப் பல்லவி தன் நாவில் வந்து உட்கார்ந்தது என்றார். எல்லாம் ரங்கநாதன் கிருபை என்றார். இருளாயி அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது, வரி வரியாக நான்தான் சொல்லிக்கொடுத்தேன், குழந்தை மாதிரி கற்றுக்கொண்டாள் என்றார்.

ராமர் எழுந்தார். துண்டை உருவி ரெண்டு உதறு உதறினார். பத்துப் பேரும் ஒன்றாக உதறினார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக வெளியே நடந்தார்கள். ரெங்கராஜ் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார். அதை ராமர் பார்த்தார்.

வெளியே டீக்கடையில் எல்லோருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தாளு மூஞ்சி புளிச்ச மாவு மாதிரி ஆயிருச்சு என்று ஜமால் ஒவ்வொருவரிடமும் சொன்னான். ராமர் அங்கிருந்தே மணிமேகலைக்குப் போன் பண்ணி, செஞ்சுட்டோம்மா என்றார். அவள் கேட்டது ஒன்றுதான், ஏதாவது சொன்னீங்களாண்ணே என்று. சொல்ல என்ன இருக்கு, உதறிட்டு வந்துட்டோம்ல என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பு. ஞாயிறு காலை பதினோரு மணி. ராமர் வேலை செய்கிற மண்டி பரக்கத் அலியுடையது. அவரே பெரிய டி.வி. ஒன்றைக் கொண்டுவந்து சாக்கு அடுக்கின் மேல் வைக்கச் சொன்னார். அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். ராமர் மணிமேகலையை வரச்சொல்லியிருந்தார். அவளுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

ரெங்கராஜ் பேச்சு வந்தது. ஸ்நானம், படி, கிருபை. 'வரி வரியாக நான்தான்' என்று அவர் சொன்னதும் திரை மாறியது. ராமர் எழுந்தார். மெதுவாக எழுந்தார், தண்ணிக்குள்ளிருந்து எழுகிற மாதிரி. துண்டு உருவி மேலே போனது. பத்துத் துண்டும் காற்றில் சுழன்றன. கைதட்டல் இடி மாதிரி கேட்டது, நடுவில் விசில். அடுத்த காட்சியில் ரெங்கராஜ் கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கடுத்து, அதே பத்துப் பேர் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தார்கள். ஜமால் கண்ணைத் துடைத்தான். அவர்கள் வெளியே நடந்தது எங்கேயும் இல்லை. கீழே எழுத்து ஓடியது: 'பாடலாசிரியருக்கு எழுந்து நின்று மரியாதை செய்த இருளாயி ரசிகர்கள்.'

மண்டியில் ஒரே கூச்சல். தங்கள் ஆளை டி.வி.யில் பார்த்த சந்தோஷம். ராமர் அண்ணே ஹீரோ மாதிரி இருக்கீங்க என்றது ஒரு குரல். இருபத்தாறு வருஷமாக அந்தத் துண்டைத் தன் முகத்துக்கு நேரே பார்த்த பரக்கத் அலியே ஏமாந்துபோனார்.

"என்ன ராமரு, எனக்குன்னா கோவத்துல உதறுவீங்க. அவருக்குன்னா பாசத்துல உதறுவீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ராமர் இல்லை பாய், நாங்க எந்திரிச்சுப் போனோம் என்று சொல்லிப் பார்த்தார். எங்க போனீங்க, அந்தா உக்காந்திருக்கீங்களே என்று யாரோ திரையைக் காட்டினார்கள். திரையில் அவர் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மணிமேகலை எழுந்து வாசலுக்குப் போனாள். ராமர் பின்னாலேயே ஓடினார். வெட்டி ஒட்டிட்டானுங்கம்மா, சத்தியமா வெளியத்தான் வந்தோம் என்றார். நம்புகிறேன் என்றாள். அவள் நம்பியதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எங்கம்மா மைக்கு போனப்பக்கூட வாயால பாடிட்டுத்தாண்ணே எறங்குனா. நீங்க பத்துப் பேர் இருந்தீங்க. ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்."

அரியமங்கலம் போகிற டவுன் பஸ்ஸில் அவள் ஏறினாள்.

மறுநாள் ராமர் ஹரிஹரசுதனுக்குப் போன் போட்டார். அவன் மரியாதையாகத்தான் பேசினான். நீங்க எழுந்து போனது யூரின் பிரேக்னு நினைச்சோம் சார், ஷாட் மட்டும் பிரமாதமா இருந்துச்சு, யூடியூப்ல உங்க கிளிப்புதான் டாப்ல போகுது, நல்லாத்தானே சார் வந்திருக்கு என்றான். ராமர் விளக்க ஆரம்பித்தார். அதற்குள் அவனுக்கு வேறு போன் வந்துவிட்டது. ராமரின் நர்சிங் படிக்கிற மகள் பானுப்ரியா செல்போனில் அப்பாவைப் பேசவைத்து ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். அன்னைக்குக் கைதட்டிட்டு இன்னைக்கு மாத்திப் பேசுற, யாருகிட்ட வாங்கின என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குப் பன்னிரண்டு பேர் லைக் போட்டிருந்தார்கள். மண்டபத்துக் கிளிப்பை ஆறு லட்சம் பேர் பார்த்து முடித்திருந்தார்கள். ஏழைக்குத்தான் நன்றி தெரியும், ரசிகன்னா இவன்தான்டா, புல்லரிக்குது என்று அதற்குக் கீழே வரிசையாக எழுத்து.

ஒரு வாரத்தில் ரெங்கராஜிடமிருந்து அழைப்பு வந்தது. உண்மையான ரசிகர்களுக்குத் தன் ஸ்டுடியோவில் பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னார். ராமர் போகவில்லை. மற்ற ஒன்பது பேரும், என்னதான் சொல்றான்னு பாத்துட்டு வருவோம் என்று கிளம்பினார்கள். அங்கே சாப்பாடு போட்டார்கள். ரெங்கராஜ் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டார். பொன்னாடை போர்த்தின போட்டோக்கள் செல்போனில் வந்த அன்று, மண்டியில் ராமருக்கு மூட்டை தூக்கிவிடும்போது கண்ணைப் பார்க்காமல் தூக்கிவிட்டார்கள்.

மணிமேகலை சும்மா இருக்கவில்லை. கோர்ட்டு பக்கம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்து, பாட்டுக்கு அம்மா பெயரைப் போடச் சொல்லி ரெங்கராஜுக்கு நோட்டீஸ் அனுப்பினாள். பதில் வந்தது. அதில் ஒரு போட்டோவை இணைத்திருந்தார்கள். பத்துத் துண்டும் காற்றில் நிற்கிற போட்டோ. காலஞ்சென்ற பாடகியின் ரசிகர்களே எங்கள் கட்சிக்காரரைப் பாடலாசிரியர் என்று பொதுவில் ஏற்று மரியாதை செய்துள்ளனர் என்று எழுதியிருந்தது.

அந்தக் காகிதத்தோடு அவள் மண்டிக்கு வந்தாள். ராமர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். போட்டோவில் முன்னால் நிற்பது அவர்தான். அவள் திட்டவில்லை. பத்துப் பேரும், நாங்க எந்திரிச்சது எதிர்ப்புக்குத்தான், உடனே வெளிய போயிட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இந்தப் போட்டோ செல்லாது என்று வக்கீல் சொல்கிறாராம். பத்துப் பேரும் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். ராமர் காகிதத்தை வாங்கிக்கொண்டார். இது என் பொறுப்பும்மா என்றார்.

மூன்று நாள் அலைந்தார். ஒருவன் தங்கச்சிக்கு வரன் அமையும் நேரம் என்றான், மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கிளிப்பைப் பார்த்துவிட்டுத்தான் குடும்பம் நல்ல குடும்பம் என்று வந்தார்களாம். ஒருவன் கோர்ட்டு கேஸ் என்றால் பயம் என்றான். ரெண்டு பேர் நாளைக்கு நாளைக்கு என்றார்கள். ஒருவன், அவரு நல்ல மனுஷனாத்தான் தெரியுறாரு மேஸ்திரி, ஒருவேளை அவரே எழுதியிருந்தா என்று கேட்டான். ராமர் அவனை அடிக்கப் போனார், கை எழவில்லை.

ஜமால் போட்டுவிடுவான் என்று கடைசியாக அவனிடம் போனார். ஜமால்தான் மன்றத்துப் போர்டை எழுதினவன். மூட்டை அடுக்கில் இருளாயியை ஏற்றிவிட்டவன். உறையூரில் அவன் வீட்டு வாசலில் வைத்துக் கேட்டார். உள்ளேயிருந்து அவன் மனைவி ஷஹனாஸ் டீ கொடுத்துவிட்டுப் போனாள். ஜமால் காகிதத்தைப் படித்தான், மடித்தான், திரும்பக் கொடுத்தான்.

"அண்ணே, என் மாமனாரு பதினோரு வருஷமா என்னை மூட்டைக்காரன்னுதான் சொல்லுவாரு. நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து மாப்ளன்னு ஒரு தரம் கூப்பிட்டதில்ல. டி.வி.ல பாத்துட்டு துபாய்லேர்ந்து அவரு தம்பி போன் பண்ணி, உங்க மாப்ளயப் பாத்தேன்னிருக்காரு. அன்னைக்கு இந்த வாசப்படியில நின்னு, மாப்ள சாப்ட்டீங்களான்னு கேட்டாருண்ணே. இப்ப நான் போயி, அது பொய்யி, அந்தாளுக்கு நான் கைதட்டவே இல்லைன்னு எழுதிக் குடுத்தா?"

"அவ பாட்டுடா ஜமால்."

"அவ பாட்டுதான். யாரு இல்லைன்னா. செத்தவளுக்குப் பேரு கெடைச்சு என்னண்ணே ஆவப்போவுது. எனக்கு இப்பத்தான் ஒரு பேரு வந்திருக்கு."

ராமர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார். ஜமாலைத் திட்டலாம் என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் வார்த்தை தேடினார். ஒன்றும் சரியாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை அரியமங்கலத்தில், மணிமேகலை வேலை செய்கிற பட்டறை வாசலில் போய் நின்றார். சாப்பாட்டு நேரம். அவள் கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தாள். அவர் காகிதத்தை நீட்டினார். பத்துப் பெயருக்கும் நேரே வக்கீல் கோடு போட்டு வைத்திருந்தார். ஒரே ஒரு கோட்டின் மேல் கையெழுத்து. ஆறாங்கிளாஸோடு நின்றவரின் எழுத்து, 'ராமர்' என்பது கோட்டை விட்டு மேலே ஏறிப்போயிருந்தது.

நான் கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்மா, எந்தக் கூண்டுல ஏறச் சொன்னாலும் ஏறுறேன், அன்னைக்குப் பேசாததைச் சேத்துப் பேசுறேன் என்றார். அவள் காகிதத்தை எண்ணெய் படாமல் ஓரத்தில் பிடித்து, மேலிருந்து கீழே காலிக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் ராமருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"பத்துப் பேர் எந்திரிச்சதையே மரியாதைன்னு ஆக்கிட்டானுங்க. ஒத்த ஆளு எந்திரிச்சா ஒண்ணுக்குப் போனான்னுதாண்ணே சொல்லுவானுங்க."

உள்ளே லேத் மிஷின் ஓட ஆரம்பித்தது. அவள் காகிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.